ஆறடிக்கு ஓரங்குலம்

தமிழ்ப் பாடசாலையின் ஆண்டுவிழா மலரிலே குண்டுவீச்சு விமானம் ஒன்றைப் பற்றி எழுதுவது பொருந்துமோ என்ற ஐயம் எமக்கு இருந்தது. மொழியின் சிறப்பையும் முன்னோர் பெருமையையும் எடுத்துரைக்கத் தக்கோர் பலர் இம்மலரிலே எழுதுவர். ஆயினும், பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிற் செய்த ஏதேனும் ஒன்றைப் பற்றி எழுதுமாறு மலர்க் குழுவினர் கேட்டபொழுது, எம்மிடம் சொல்வதற்கு இருந்தது இது ஒன்றே. கடந்த பனிக்காலம் முழுவதும், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து வீடு திரும்பிய பின்னர், தாயும் தந்தையும் பதின்மூன்று வயது மகனும் ஒன்பது வயது மகளுமாகிய நாம் நால்வரும் ஒரு சிறு விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கைகளும் மேசைகளும் கம்பிகளும் செய்து பொருத்திக்கொண்டிருந்தோம்.

பழம்பொருட்களை விற்று அறப்பணி செய்யும் கடை ஒன்றில், எவரோ வாங்கிப் பிரிக்காமலே விட்டுவிட்ட அட்டைப் பெட்டியாக அது மகனின் கண்ணிற் பட்டது. மேலே 'அவ்ரோ லங்காஸ்ரர்' என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பெயரை அவன் உரக்க வாசித்தான். அம்மம்மா கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவ்ரோவோ? உதை ஆர் வீட்டுக்குள்ளே கொண்டு வந்தது?"

இளைய வாசகர்களுக்கு இவ்விடத்திற் சிறிது விளக்கம் வேண்டும். 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் வானூர்திகளை ஓசையினாலேயே இனங்கண்டனர். 'பொம்பர்', 'ஹெலி', 'சகடை', 'அவ்ரோ' என்பன அன்று குழந்தைகளும் அறிந்த சொற்கள். இலங்கை விமானப்படையிடம் இருந்த அவ்ரோ 748 என்னும் இரட்டை இயந்திரப் போக்குவரத்து விமானமே எமது ஊரில் அப்பெயர் பெற்றது. அது முதன்முதற் பறந்தது 1960 இல். லங்காஸ்ரரோ 1941 சனவரி 9 ஆம் நாள் முதன்முதற் பறந்த, நான்கு இயந்திரங்கள் கொண்ட குண்டுவீச்சு விமானம். இரண்டையும் வடிவமைத்தது மன்செஸ்ரர் நகரத்து அவ்ரோ நிறுவனமே. அது ஒரு நிறுவனத்தின் பெயர் என்று எமது ஊரவர் அறிந்திருக்க நியாயமில்லை. அவர்களுக்கு அது ஓர் ஓசையின் பெயர்.

அன்றிரவு எமக்கிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. பதுங்குகுழிக்குள் இரவுகளைக் கழித்த ஒருவர் வாழும் வீட்டிலே இப்படி ஒன்றைச் செய்து அழகு பார்ப்பது தகாது என்றார் எம்மில் ஒருவர். இந்நாட்டிலே வளரும் பிள்ளை எப்படியும் இவ்விமானத்தைப் பற்றி அறியத்தான் போகின்றான், அதை எம்மோடு இருந்து அறியட்டுமே என்றார் மற்றவர். முடிவில் ஒரு நிபந்தனையோடு இணங்கினோம். செய்வதாயின் முழுவதும் செய்வது. உள்ளே யார் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள், குண்டு எவ்விடத்தில் இருந்தது, அது எங்கே விழுந்தது என்பவற்றையெல்லாம் அறிந்து, அறிந்ததைக் கையாற் செய்து உள்ளே வைப்பது. அம்மம்மா இந்நிபந்தனையை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. மேசையின் மறுகோடிக்குத் தமது கதிரையை நகர்த்திக்கொண்டார்.

1/72 என்னும் அளவு பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கக்கூடியது. ஆறடிக்கு 72 அங்குலம். ஆகவே ஆறடி மனிதன் இங்கே ஓரங்குலம் ஆகின்றான். 102 அடி நீளமான இறக்கை 43 சென்ரிமீற்றராகின்றது. நெடிய உடற்பகுதி மேசை அளவுகோலுக்குள் அடங்குகின்றது. அதன் அகலமோ ஏறத்தாழ ஓரங்குலம் மட்டுமே. அதற்குள் ஏழு பேர்.

பெட்டியிலிருந்த உடலின் இரு பாதிகளையும் கையிலெடுத்துப் பார்த்தபொழுது, உட்புறம் துருவி எடுத்த சிரட்டை போல் வெறுமையாக இருந்தது. ஒரு தளம், ஓர் இருக்கை, ஒரு சுக்கான், அவ்வளவே. மெய்யான விமானத்தின் உட்சுவரிலே அடுக்கடுக்காக விலாச்சட்டங்கள் உண்டு. மெல்லிய பிளாஸ்ரிக் தகட்டை அரை மில்லிமீற்றர் அகலமான கீற்றுகளாகச் சீவி, ஒவ்வொன்றையும் சாவணத்தாற் பிடித்து, வளைந்த சுவரில் ஒட்டினோம். இரு வாரங்கள் இதற்கே சென்றன. மகனுக்கு இதிற் சலிப்பு ஏற்பட்டது. மகளோ பாய் இழைப்பவள் போல் ஒரே சீராகச் செய்துகொண்டு போனாள்.

கம்பிகளும் குழாய்களும் செய்யும் முறையை மாணவர்கள் அறிந்துகொள்ளலாம். இத்தகைய பெட்டிகளில் உறுப்புகள் யாவும் ஒரு பிளாஸ்ரிக் சட்டத்தோடு இணைந்தே வரும். உறுப்புகளை வெட்டியெடுத்தபின் எஞ்சும் சட்டத்தை எறிந்துவிடலாகாது. அதில் ஒரு துண்டை மெழுகுதிரிச் சுடருக்குச் சற்று மேலே பிடித்து உருட்டினால் நடுப்பகுதி இளகிப் பளபளக்கும். அவ்வேளையிற் சுடரிலிருந்து விலக்கி இரு முனைகளையும் மெல்ல இழுத்தால், சீனிப்பாகு நூல் விடுவது போல் அது நீளும். வேகமாக இழுத்தால் தலைமயிரினும் மெல்லிய இழை. மெதுவாக இழுத்தால் குழாய்க்குரிய தடிப்பு. மெழுகுதிரியைப் பெற்றோரே கையாளுதல் வேண்டும், சாளரமும் திறந்திருத்தல் வேண்டும். பின் சுடுநருக்குத் தோட்டாக்களைக் கொண்டு செல்லும் நீண்ட தடங்களுக்கு அருகே சுவரில் ஓடும் குழாய்கள் யாவும் இவ்வாறு பிறந்தவையே. ஒட்சிசன் உருளைகளும் அச்சட்டத்தின் துண்டுகளே. முனைகளை அரத்தாளால் உருட்டிவிட்டோம்.

இருக்கைப் பட்டிகளுக்குத் தக்காளிக் களி அடைத்து வரும் உலோகக் குழாயை வெட்டி விரித்துக்கொண்டோம். அது எந்தப் பக்கம் மடித்தாலும் அப்படியே நிற்கும். பட்டியின் கொளுவிகள் பழைய தொலைபேசி வடத்தினுள் இருந்த செப்புக் கம்பி. விமானியின் முன்னுள்ள வட்டமானிகள் தாம் மிகுந்த பொறுமையைக் கேட்டவை. மூன்றங்குல மானி இவ்வளவில் ஒரு மில்லிமீற்றராகிவிடும். பிளாஸ்ரிக் தகட்டிலே முதலில் வெள்ளை பூசி, காய்ந்தபின் மேலே கறுப்புப் பூசி, ஊசி முனையாற் சுரண்டினால் வெள்ளை முட்கள் வெளிப்படும். ஒவ்வொரு வட்டத்தின் மேலும் ஒரு துளி வார்னிஷ் விட்டால் கண்ணாடி பதித்தது போலாகும். தாயார் கோலமிடும் கையால் இதனைச் செய்தார். தந்தையின் கண்கள் இதற்கு உதவவில்லை.

உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயரிட்ட பின்னரே அவற்றைச் செய்வது என்று ஒரு விதியும் வகுத்தோம். சில உடனே அமைந்தன. துப்பாக்கியோடு சுழலும் கண்ணாடிக் கூண்டு சுழல்கூண்டு ஆயிற்று. வரைபடத்தில் வழி கணிப்பவர் திசைகாணுநர் ஆனார். உடலைக் குறுக்கே ஊடறுத்து இரு இறக்கைகளையும் தாங்கும் பெரும் உலோகச் சட்டத்துக்கு என்ன சொல்வது என்று மகன் கேட்டபொழுது, அதுவரை எம்மோடு பேசாதிருந்த அம்மம்மா, "வீட்டுக்குக் கூரையைத் தாங்கிறது என்ன? விட்டம்தானே" என்றார். அன்றிலிருந்து அது விட்டம்.

அந்த விட்டத்தை நேரிற் காணும் வாய்ப்பும் எமக்குக் கிட்டியது. லிங்கன்சயரில் ஈஸ்ற் கேர்க்பி என்னும் ஊரில் லங்காஸ்ரர் ஒன்று பேணப்படுகின்றது. அது ஓடுபாதையில் ஓடும், பறப்பதில்லை. 1944 மார்ச் இறுதியில் நியூரம்பேர்க் நகர் மீது நடந்த தாக்குதலில் 95 பிரித்தானிய விமானங்கள் ஓரிரவில் அழிந்தன. அதில் உயிரிழந்த கிறிஸ்ரோபர் பன்ரன் என்னும் இளைஞரின் நினைவாக, கமக்காரரான அவருடைய தம்பியர் இருவர் 1983 இல் அவ்விமானத்தை வாங்கினர். உள்ளே ஏறியபொழுதுதான் நாம் ஒட்டிய கீற்றுகளின் பொருள் விளங்கிற்று. நிமிர்ந்து நடக்க முடியாது. விட்டத்தை ஏறிக் கடக்கவேண்டும். மகளைத் தூக்கிவிட்டோம். தந்தை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கடந்தார். தடித்த உடையும் காலணியும் அணிந்து, இருளில், சரிந்து விழும் விமானத்துக்குள் இதனை எவ்வாறு கடந்திருப்பார்கள் என்று மகன் கேட்டான். பெரும்பாலோர் கடக்கவில்லை என்பதே விடை.

ஏழு பேரும் இருந்த முறை வருமாறு. மூக்குப் பகுதியிலே குண்டு இலக்காளர் குப்புறப் படுத்திருப்பார். அவருக்குப் பின், சற்று மேலே, இடப்புறத்தில் விமானி. விமானியின் வலப்புறத்தில், மடித்து வைக்கக்கூடிய இருக்கையில், பொறியியலாளர். அடுத்துத் திரைக்குப் பின்னே திசைகாணுநர். அவருடைய மேசை விளக்கின் ஒளி வெளியே கசிந்தால் எதிரி கண்டுவிடுவான் என்பதற்காகவே திரை. மெல்லிய துடைதாளை நீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்துத் தொங்கவிட்டு அதனைச் செய்தோம். காய்ந்தபின் மடிப்புகளோடு துணி போலவே நின்றது. வானொலித் தொடர்பாளரின் இருக்கை விட்டத்துக்கு முன்னால். வெப்பக் காற்று வரும் வாய் அவர் அருகில் இருந்தபடியால் அவர் வியர்த்துக்கொண்டிருப்பார். விட்டத்துக்குப் பின்னால் மேற்கூண்டுச் சுடுநர், கடைசியிலே வாற்கூண்டுச் சுடுநர். வாற்கூண்டிற் குளிர் சில வேளை உறைநிலைக்கு 40 பாகை கீழே போய்விடும். மின்சாரத்தாற் சூடாக்கும் உடை அணிந்தும் விறைத்தவர்கள் உண்டு. அக்கூண்டு மிக ஒடுங்கியது. ஆகவே அவருடைய வான்குடை கூண்டுக்கு வெளியே, உடற்சுவரிலே தொங்கும். அதனை மகள் பட்டித் துண்டிற் செய்து, காக்கி வர்ணம் பூசி, உரிய இடத்தில் ஒட்டினாள். ஓர் அரிசியளவுதான்.

இவற்றையெல்லாம் விட எம்மை நிறுத்தி வைத்தது ஒரு சதுரத் துளை. மூக்குப் பகுதியின் தளத்திலே, குண்டு இலக்காளரின் மார்புக்குக் கீழே, அவசரவேளையிற் குதிப்பதற்கான வாயில் உண்டு. அதன் அகலம் 22 அங்குலம். அக்காலத்து மற்றொரு பிரித்தானியக் குண்டுவீச்சு விமானமாகிய ஹலிபக்ஸில் அவ்வாயில் 24 அங்குலம். குண்டுவீச்சுப் படையின் தலைமையகத்திலே 1943 முதல் ஆய்வாளராகப் பணிபுரிந்த பௌதிகவியலாளர் பிறீமன் டைசன் இதனைப் பிற்காலத்தில் எழுதியுள்ளார். சுட்டு வீழ்த்தப்பட்ட ஹலிபக்ஸ் விமானங்களிலிருந்து ஏறத்தாழ நால்வரில் ஒருவர் உயிர்தப்பினர். லங்காஸ்ரரிலிருந்து தப்பியவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவிலேயே. அவருடைய சக ஆய்வாளர் ஒருவர் வாயிலை அகலமாக்குமாறு ஈராண்டுகள் வரை போராடினார். ஒப்புதல் கிடைத்து நடைமுறைக்கு வருமுன் போர் முடிந்துவிட்டது.

எமது அளவில் 22 அங்குலம் 7.8 மில்லிமீற்றர். 24 அங்குலம் 8.5 மில்லிமீற்றர். இரண்டு அளவிலும் இரு அட்டைச் சதுரங்களை வெட்டி அருகருகே வைத்தோம். வேறுபாடு 0.7 மில்லிமீற்றர். பூதக்கண்ணாடி இல்லாமல் எது எது என்று சொல்ல முடியவில்லை. மகன் நெடுநேரம் அவற்றை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான்.

அவர்கள் அனைவரும் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் இருபது வயதைச் சற்றுத் தாண்டியவர்கள். பல்கலைக்கழகத்திற்குச் சென்றிருக்கும் எமது பெறாமகனின் வயது. ஒரு தவணைக்கு முப்பது பறப்புகள். குண்டுவீச்சுப் படையிற் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டனர். வடமேற்கு லண்டனிலே, எம்மவர் பலர் வாழும் ஹரோவுக்கும் வெம்பிளிக்கும் அண்மையில், ஹென்டன் அரும்பொருளகத்தில் 137 தாக்குதல்களுக்குச் சென்று மீண்ட லங்காஸ்ரர் ஒன்று நிற்கின்றது. அத்தனை முறை மீண்டதனாலேயே அது அங்கே நிற்கின்றது.

அடுத்து வந்தது குண்டறை. தளத்துக்குக் கீழே 33 அடி நீளம், எமக்கு 14 சென்ரிமீற்றர். அவர்கள் கால் வைத்து நடந்த தளமே குண்டறையின் கூரை. 4,000 இறாத்தல் நிறைகொண்ட பெருங்குண்டை, ஒரு சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயிலிருந்து வெட்டினோம். அதனைச் சுற்றித் தீக்குண்டுகள் அடங்கிய பெட்டிகள். இவ்விரண்டையும் சேர்த்து ஏன் ஏற்றினார்கள் என்பதையும் நிபந்தனைப்படி சொல்லவேண்டியிருந்தது. பெருங்குண்டின் அதிர்ச்சி கூரைகளையும் சாளரங்களையும் பெயர்த்துவிடும். பின்னர் விழும் நான்கு இறாத்தல் தீக்குண்டுகள் திறந்த வீடுகளுக்குள் தீ மூட்டும். 1943 யூலையில் ஹம்பேர்க் நகரத்தில் இத்தீ ஒன்றுகூடிப் புயலாயிற்று. முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலவறைகளில் ஒளித்திருந்தவர்களிற் பலர் எரியாமலே, மூச்சுக்குக் காற்றின்றி இறந்தனர். 1945 பெப்ரவரியில் டிரெஸ்டனில் இறந்தோர் 25,000 பேர் வரை என்று 2010 இல் வரலாற்றாசிரியர் குழு ஒன்று முடிவு செய்தது. இதற்கு முன்னர், 1940 இலும் 1941 இலும், ஜேர்மன் விமானங்கள் லண்டனையும் கொவென்றியையும் எரித்திருந்தன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடும் கணக்காக அதனைச் சொல்லவில்லை.

நிலவறை என்ற சொல்லைக் கேட்டதும் அம்மம்மா தமது கதிரையை மேசைக்கு அருகே கொண்டுவந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டி, படுத்திருக்கும் குண்டு இலக்காளரை உற்றுப் பார்த்தார். "மேலே இருந்தவைக்குக் கீழே இருந்த சனம் தெரிஞ்சிருக்குமோ?" என்று கேட்டார்.

எமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். இருபதாயிரம் அடி உயரத்தில், நள்ளிரவில், அவர்கள் கண்டது வழிகாட்டி விமானங்கள் இட்ட வர்ண ஒளிகளையும் தீயையும் மட்டுமே. ஒவ்வொரு விமானத்திலும் ஓர் ஒளிப்படக்கருவி பொருத்தப்பட்டிருந்தது. குண்டைப் போட்டபின்னும், அது கீழே சென்று வெடிக்கும் வரை, விமானி நேராகவே பறக்கவேண்டும். அப்பொழுதுதான் படம் விழும். குறி தப்பாமற் போட்டார்களா என்பதைத் தளபதிகள் அப்படத்தைக் கொண்டே அறிந்தனர். அந்தப் படங்களிலே தெருக்கள் தெரியும், புகை தெரியும், தீ ஒளிக்கோடுகளாகத் தெரியும். அம்மம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "எங்களுக்கும் அவை தெரியேல்லைத்தான்" என்று சிறிது நேரத்தின் பின் சொன்னார். மகன் அவருக்குச் சாவணத்தைக் கொடுத்து விமானியின் இருக்கையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னான். அவர் தூக்கிப் பார்த்து, பட்டி ஒன்று முறுகியிருப்பதாகக் குறை சொன்னார். உண்மைதான்.

மாசி மாதக் கடைசியில் இரு பாதிகளையும் ஒட்டினோம். விமானியறைப் பகுதிக்குக் கறுப்பும், விட்டத்துக்குப் பின்னால் வெளிறிய சாம்பற்பச்சையும் பூசியாயிற்று. ஒட்டியபின், நாம் செய்தவற்றிற் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது போயிற்று. மேற்கண்ணாடியினூடாக இருக்கையும் மானிகளும் தெரிகின்றன. திசைகாணுநரின் மேசையும் அரிசியளவு வான்குடையும் இனி எவருக்கும் தெரியா. வீட்டுக்கு வரும் உறவினர், காணாத வேலைக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்கின்றனர். மகள் ஒரு சிறு கைவிளக்கை எடுத்து வந்து, மூக்கின் அடியிலுள்ள சதுர வாயிலினூடாக ஒளி பாய்ச்சிக் காட்டுவாள். அவ்வாயிலையும் குண்டறைக் கதவுகளையும் நாம் மூடவில்லை.

விமானத்தை எதன் மேல் வைப்பது என்ற கேள்வி பின்னர் எழுந்தது. இத்துறையில் ஈடுபடுவோர் வழமையாகப் பசும்புல் ஒட்டிய பலகையிலே ஓடுபாதை அமைத்து அதன் மேல் நிறுத்துவர். பிள்ளைகளும் அதற்கான பலகையை வாங்கி வைத்திருந்தனர். அப்பலகையிலே தாம் சொல்வதைச் செய்யவேண்டும் என்று அம்மம்மா கூறிவிட்டார். ஆளுயர ஆழம். வாசல் நேராக இராமல் ஒருமுறை திரும்பவேண்டும், இல்லாவிடில் சிதறும் துண்டுகள் நேரே உள்ளே வரும். மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை, அதன்மேல் மண். உள்ளே ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு மெழுகுதிரியும். அளவு அதே ஆறடிக்கு ஓரங்குலம்.

பனங்குற்றிக்கு, இறைச்சி சுடும் மூங்கிற் குச்சிகளை மகன் வெட்டி அடுக்கினான். அவற்றின் தடிப்பு மூன்று மில்லிமீற்றர். அம்மம்மா ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"உது பனையோ, ஈர்க்கோ?"

மகன் கணக்குப் பார்த்தான். 3 ஐ 72 ஆற் பெருக்க 216 மில்லிமீற்றர். ஒரு சாண் கூட இல்லை. இப்பொழுது சீன உணவகத்தில் உணவோடு தரும் குச்சிகளைச் சேர்த்து வருகின்றோம். அவை ஐந்து மில்லிமீற்றர். நான்கு சோடி வெட்டியாயிற்று. வாசலின் திருப்பம் இனித்தான் தொடங்கவேண்டும்.